'மருந்தடித்தல்' என்னும் வழக்கு

தோட்டப்புறங்களில் களைக்கொல்லி தெளிப்பதை நம்மவர் 'மருந்தடித்தல்' என்பர். அதே பொருளை மலாய்மொழி 'ராச்சுன் ரும்பாய்' என்கிறது. களை நஞ்சு என்பது அதன் பொருள். ஒன்றையே ஒரு மொழி நஞ்சென்றும் மற்றொரு மொழி மருந்தென்றும் வழங்குவதை மொழியியல் வேடிக்கையாக மட்டும் நாம் கருதிவிடலாகாது.

நோயுற்ற பயிருக்கு இடுவதை மருந்தென்றது பொருத்தமே. பின்னர் அச்சொல் களையை அழிப்பதற்கும் நீண்டது. களைக்கு எவரும் மருத்துவம் பார்ப்பதில்லை! இதனை நன்னூலார் தகுதி வழக்கினுள் அடக்கிய மங்கலம் எனலாமோ? ஆகாது. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்னுங்கால் சொல்வோரும் கேட்போரும் உண்மையை அறிவர். 'மருந்து' என்னுங்கால் கேட்போர்க்கு அது மறைந்தே போகிறது.

மறைவது யாது? செம்பனைத் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பாராகுவாட் என்னும் களைக்கொல்லியையே காண்போம். அதனைக் குடித்தால் உயிர் போகும் என்பது பலரும் அறிந்தது. தெளிக்கையில் காற்றில் பரவும் நுண்துளிகள் தோலிலும் மூக்கிலும் படிவதைப் பொருட்படுத்துவோர் சிலரே. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிக்கொல்லிகளைக் கையாள்வோரிடையே நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், பாராகுவாட்டைப் பயன்படுத்தியோர்க்கு நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுதியாகத் தொடர்புற்றிருந்தது. கலிபோர்னியாவில் வயலில் இறங்காதவரும் தப்பவில்லை. பாராகுவாட்டும் மானெப்பும் தெளித்த நிலங்களிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருந்தோர்க்கு அந்நோய் வாய்ப்பு 75 விழுக்காடு கூடுதல் என 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இவை தொடர்பைக் காட்டுவன. காரணத்தை ஐயமற நிறுவுவன அல்ல. எனினும் பிரான்சு 2012இல் பூச்சிக்கொல்லியோடு உழைத்த உழவர்க்கு வரும் இந்நோயைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது.

இந்நோயில் நடுமூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றுட் பெரும்பகுதி அழிந்த பின்னரே கை நடுங்கத் தொடங்கும். அதற்குள் தெளித்த காலம் எங்கோ பின்னே போயிருக்கும். நடுக்கமோ முதுமையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

மலேசியா 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் அதனைத் தளர்த்தியது, 2020 சனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. புட்டியில் இன்று வேறொன்று இருக்கிறது. வாய்ச்சொல் மட்டும் 'மருந்து'தான்.

பள்ளியில் நாம் 'களைக்கொல்லி' என்று கற்பிக்கிறோம். அதுவே சரியான சொல். ஆயினும் வீட்டு வழக்கை மாணவர் இழந்துவிடலாகாது. நாளை அவர்களுள் ஒருவர் மருத்துவராகி, கை நடுங்கும் மூதாட்டியிடம் "களைக்கொல்லி கையாண்டதுண்டா?" என வினவினால், அவர் இல்லையென்றே சொல்லக்கூடும். "தோட்டத்தில் மருந்தடிச்சிருக்கீங்களா, பாட்டி?" என்று கேட்டால், இருபது ஆண்டுக் கதை வெளிவரும்.