பட்டம் தருவது யார்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த மறுநாள் முதல், தம் வம்சத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளையை அழைத்துக்கொண்டு விண்ணப்பத்துக்காக அலையும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, வேலை கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்களே ஒழிய, பட்டம் வழங்கும் அதிகாரம் எந்த ஸ்தாபனத்துக்கு உரியது என்ற பிரதானமான கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே என்பது என் மனத்தை வெகுவாக வருத்தும் விஷயம்.

நம் நாட்டின் பெரும்பான்மையான கல்லூரிகளைப் பொறுத்தவரை, பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று, பட்டம் கொடுக்கும் இடம் வேறொன்று. 1857-ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, வகுப்பு நடத்துவதற்காக அது ஏற்படவில்லை. கலாசாலைகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, அவற்றின் மாணவர்களைப் பரீட்சித்துப் பட்டம் அளிப்பதற்காகவே ஏற்பட்டது. இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் வினாத்தாளும் இன்றும் பல்கலைக்கழகத்தினுடையவையே. 1978-இல் லயோலா முதலிய சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றதிலிருந்து, அத்தகைய கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியின் பொறுப்பாயின. ஆயினும், அங்கே படித்தவரின் பட்டச் சான்றிதழைக் கூர்ந்து பார்த்தால், கல்லூரியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும், முத்திரையும் துணைவேந்தரின் கையொப்பமும் பல்கலைக்கழகத்துக்கே உரியவையாக இருக்கக் காணலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, அதன் 22-ஆம் பிரிவில் இந்த அதிகாரத்துக்குத் தெளிவான வரம்பு கட்டியிருக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலை அந்தஸ்து பெற்ற நிறுவனம், பாராளுமன்றம் விசேஷமாக அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் பட்டம் வழங்க இயலாது. ஐ.ஐ.டி.க்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த உரிமையைப் பெற்றவை. ஆனால் தேசமெங்கும் கீர்த்தி பெற்ற ஐ.ஐ.எம்.களோ, சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்த காரணத்தால், 2017-இல் தமக்கென ஒரு சட்டம் நிறைவேறும் வரை எம்.பி.ஏ. பட்டம் அளிக்க முடியாமல், முதுநிலைப் பட்டயம் ஒன்றையே அளித்து வந்தன. அந்தப் பட்டயத்துக்கு இருந்த மதிப்பை எண்ணிப் பார்த்தால், சட்டத்தின் அங்கீகாரமும் படிப்பின் தரமும் தனித்தனியே விசாரிக்க வேண்டியவை என்பது விளங்கும்.

இளநிலை, முதுநிலை, முனைவர் என்ற படிகளை யாவரும் அறிவர். இடையில் இருந்த எம்.ஃபில். 2022-ஆம் ஆண்டு விதிகளோடு நின்றுபோயிற்று. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக்கில் பயின்று பெறும் டிப்ளமோவைத் தாழ்வாகக் கருதுவோர் உண்டு. அது அநியாயமான அபிப்பிராயம். அதை முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் கைத்தொழிலும் பழகிவிடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஒரு கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது என்பதனாலேயே அதன் பாடப்பிரிவுகள் யாவும் இணைப்புப் பெற்றவை ஆகிவிடா. புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியே அனுமதி பெறவேண்டும். ஆகவே, பிள்ளை சேரவிருக்கும் பிரிவுக்கு இந்த ஆண்டு இணைப்பு உண்டா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.