ஆமை புகுந்த கோர்ட்!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. அமீனா என்றதும் யாரோ பெண்மணி என்று நினைத்துவிடாதீர்கள். கோர்ட்டிலிருந்து ஜப்தி ஆர்டரோடு வருகிற சிப்பந்திக்கு அந்தப் பெயர். ஆமையோடு ஜோடி சேர்த்துத் திட்டியிருக்கிறார்கள் என்றால், நம் பெரியவர்கள் கோர்ட்டால் எவ்வளவு நொந்து போயிருக்க வேண்டும்!

அமெரிக்கர்களுக்கு இந்தப் பழமொழி தெரியாது போலிருக்கிறது. வாஷிங்டனில் அவர்களுடைய ஸுப்ரீம் கோர்ட்டில் விளக்குக் கம்பங்களைத் தாங்குவதே வெண்கல ஆமைகள்தான். நீதி மெதுவாகப் போனாலும் நிதானமாகப் போகும் என்பதற்கு அடையாளமாம். ('மெதுவாக' வரைக்கும் நம்மூரிலும் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.)

இந்த ஆமை விஷயத்தை எனக்குச் சொன்னவள் என் பெரியப்பா மகளின் மகள். மேரிலாந்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயசுதான் வித்தியாசம். ஆனாலும் அழுத்தம் திருத்தமாக 'மாமா' என்பாள். 2018 கோடை லீவில், காலேஜ் மாணவியாக அந்தக் கோர்ட்டில் இன்டெர்ன் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் குமாஸ்தா வேலை இல்லை. ஜட்ஜுக்கு ஃபைல் தூக்கும் வேலையும் இல்லை. அங்கே க்யூரேட்டர் அலுவலகம் என்று ஒன்று, 1973-ல் ஆரம்பித்தது. கோர்ட்டின் பழைய படங்கள், சிலைகள், நாற்காலிகளைக் கட்டிக் காப்பது ஒரு வேலை. வாசலில் வந்து நிற்கும் ஜனங்களுக்கு 'கோர்ட் என்றால் என்ன?' என்று சொல்லித் தருவது இன்னொரு வேலை. இவள் அந்த இரண்டாவது.

"இதுக்கெல்லாமா ஆள் வெச்சிருக்காங்க?" என்றேன்.

"வந்து பாருங்க மாமா!"

போய்ப் பார்த்தேன்.

*

ஜூலை மாதம். ஜட்ஜ்கள் அந்த வருஷத்துத் தீர்ப்புகளை ஜூன் கடைசியில் எழுதி முடித்துவிட்டுக் கிளம்பியாகிவிட்டது. இனி அக்டோபர் முதல் திங்கட்கிழமைதான் புது டெர்ம். ஆக, கோர்ட் ஹால் காலி. அந்தக் காலி ஹாலிலேயே பொதுஜனங்களை உட்கார வைத்து அரைமணி நேரம் லெக்சர். டிக்கெட் கிடையாது. கேமரா மட்டும் கூடாது.

44 அடி உயரக் கூரை. இத்தாலியிலிருந்து வந்த 24 பளிங்குத் தூண்கள். எதிரே ஒன்பது நாற்காலிகள். நடுவில் இத்தனூண்டாக எங்கள் வீட்டுப் பெண், கையில் குறிப்புத் தாள்கூட இல்லாமல் நின்றாள். அட்டைத் தொப்பி, அரை டிராயர், அழுகிற குழந்தை சகிதமாக ஊர் ஊரிலிருந்து வந்த கூட்டம்.

கட்டிடத்தில் ஆரம்பித்தாள். ஸுப்ரீம் கோர்ட்டுக்குத் தன் 146-வது வயசில்தான் சொந்த வீடு கிடைத்ததாம். அதுவரை நாடாளுமன்றக் கட்டிடத்தில் ஒண்டுக்குடித்தனம்! ஜனாதிபதியாக இருந்துவிட்டுப் பிறகு தலைமை நீதிபதியான டாஃப்ட் என்பவர்தான் தனிக் கட்டிடம் வேண்டும் என்று விடாமல் நச்சரித்து வாங்கினார். 1935-ல் முடிந்தபோது பார்க்க அவரும் இல்லை, கட்டிடத்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட்டும் இல்லை. ஒதுக்கிய தொகை 97 லட்சத்து 40 ஆயிரம் டாலர். மேஜை நாற்காலி உட்பட எல்லாச் செலவும் போக 94,000 டாலர் மிச்சப்படுத்தி, கஜானாவில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

பி.காம். படித்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஸார். மார்ச் 31 வந்தால் பட்ஜெட் மிச்சத்தைச் செலவழிக்க நான்கு ஃபேன், ஆறு நாற்காலி என்று வாங்கிப் போடும் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான்.

அடுத்து அவள் சொன்னது உங்களுக்குப் பிடிக்கும். முக்கியமாக, ஆபீஸில் கடைசியாகச் சேர்ந்தவர் நீங்கள் என்றால்.

ஒன்பது பேரும் ஸீனியாரிட்டிப்படிதான் உட்காருவார்கள். நடுவில் தலைமை நீதிபதி, அவருக்கு வலப்பக்கம் அடுத்த ஸீனியர், இடப்பக்கம் அதற்கடுத்தவர் என்று மாறி மாறிப் போகும். கேஸ்களை முடிவு செய்ய ஒன்பது பேரும் தனி அறையில் கூடும்போது வேறு ஈ காக்கை உள்ளே போக முடியாது. யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போய்த் திறக்க வேண்டியவர், கடைசியாகச் சேர்ந்த ஜட்ஜ்! காலம் முழுக்கப் பதவி, நாட்டின் சட்டத்தையே புரட்டிப் போடும் பேனா, அதோடு கதவு திறக்கும் வேலை. போதாக்குறைக்கு கேண்டீன் கமிட்டியும் அவர் தலையில்தான். 2010-ல் சேர்ந்த எலினா கேகன் அந்தக் கமிட்டியில் இருந்தபோது கேண்டீனுக்கு உறைந்த தயிர் மெஷின் வாங்கிப் போட்டார். அது ரொம்ப நாள் பேசப்பட்ட சாதனை.

வாதம் செய்ய வருகிற வக்கீல்கள் மேஜையில் வெள்ளை வாத்து இறகுப் பேனாக்கள் வைப்பார்கள். எழுதுவதற்கு அல்ல, ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு. வக்கீல் பேசும்போது ஐந்து நிமிஷம் பாக்கி என்றால் வெள்ளை விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டியதுதான். கோர்ட் கூடும்போது 'ஓயே! ஓயே! ஓயே!' என்று மூன்று தடவை கூவுவார்கள். 'கேளுங்கள்' என்று பழைய பிரெஞ்சில் அர்த்தமாம். நம்ம டவாலி வராந்தாவில் நின்று ஒரே பெயரை மூன்று தடவை கூப்பிடுவது ஞாபகத்துக்கு வந்தது. மேலே ஐந்தாவது மாடியில் ஒரு பாஸ்கெட்பால் மைதானம் இருக்கிறதாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'நாட்டிலேயே உயர்ந்த கோர்ட்'. கீழே விசாரணை நடக்கும்போது மேலே பந்து தட்டக்கூடாது.

கூட்டம் சிரித்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது.

*

லெக்சர் முடிந்தால் கேள்வி நேரம். "எல்லாரும் அதிகமா கேக்கிற கேள்வி எது தெரியுமா மாமா? 'பாத்ரூம் எங்கே?'"

அது சுலபமான கேள்வி. அந்த ஜூலையில் மற்ற கேள்விகள் அவ்வளவு சுலபமாக இல்லை. ஜூன் 27-ம் தேதி ஜட்ஜ் கென்னடி ரிடையர் ஆகப் போவதாக அறிவித்தார். ஜூலை 9-ம் தேதி அவர் இடத்துக்கு கவனாவை நியமிப்பதாக ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார். வெளியே பிளாட்பாரத்தில் தட்டிகளும் கோஷமும். (படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் பளிங்கு முற்றத்தில் தட்டி தூக்கக்கூடாது. பிளாட்பாரத்தில் தூக்கலாம். அந்தத் தடை பிளாட்பாரத்துக்குச் செல்லாது என்று 1983-ல் தீர்ப்பளித்தது இதே கோர்ட்தான்.)

வெளியே கத்திவிட்டு உள்ளே வந்து, நேராக இவளிடம் கேட்பார்கள். 'அந்த ஆள் வரலாமா? கருக்கலைப்புத் தீர்ப்பை மாற்றிவிடுவார்களா? நீ என்ன நினைக்கிறாய்?'

"நான் எதுவும் நினைக்கக் கூடாது. கேஸ்ல என்ன கேள்வி, ரெண்டு பக்கமும் என்ன சொன்னாங்க, தீர்ப்பு எத்தனைக்கு எத்தனை... அவ்வளவுதான் சொல்லலாம்."

"இது நழுவுற வேலையாச்சே!" என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே பெஞ்ச்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க மாமா. நான் என் அபிப்பிராயத்தைச் சொன்ன நிமிஷம், ஒருத்தர் காதை மூடிக்குவார். மிச்ச அரைமணி நேரம் நான் யாருக்குப் பேசறது?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. டீக்கடையில் அபிப்பிராயம் சொல்லாமல் ஒரு டீ குடிக்கத் தெரியாத ஊர்க்காரன் நான்!

ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த ஹாலிலேயே அத்தாட்சி இருக்கிறது. சுவரின் மேல்பகுதியில், உலகத்துக்குச் சட்டம் தந்தவர்கள் என்று 18 பேரைப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள். ஹமுராபி, மோசஸ், கன்ஃபூஷியஸ், நெப்போலியன் என்று போகிற அந்த வரிசையில் நபிகள் நாயகத்தையும் சேர்த்துவிட்டார் சிற்பி. கௌரவமாக நினைத்துச் செய்ததுதான். ஆனால் இஸ்லாத்தில் உருவம் கூடாதே? 1997-ல் முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்தன. சிற்பத்தை நீக்க முடியாது என்றார் அன்றைய தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட். ஆனால் பார்வையாளர்களுக்குத் தரும் குறிப்பில் வாசகத்தைத் திருத்தினார்கள். கல்லை மாற்ற முடியாதபோது, கல்லைப் பற்றிச் சொல்வதையாவது மாற்றலாம் இல்லையா? அதுவும் இந்த டிபார்ட்மென்ட் சமாசாரம்தான்.

*

அவளைத் தூங்கவிடாமல் செய்த ஆசாமி வேறு ஒருவர்.

லெக்சரில் அவள் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. க்ளாரன்ஸ் ஏர்ல் கிடியன். ஃப்ளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கிளப்பை உடைத்துத் திருடினார் என்று 1961-ல் பிடித்தார்கள். 'வக்கீல் வைக்கக் காசில்லை, கோர்ட்டே ஒருவரைக் கொடுக்கட்டும்' என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் ஜெயில். ஜெயில் காகிதத்தில் பென்சிலால் ஸுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதிப் போட்டார் மனிதர். கோர்ட் அதை எடுத்துக்கொண்டது! அவருக்காக வாதாடிய ஏப் ஃபோர்ட்டாஸ் பிற்பாடு அதே கோர்ட்டில் ஜட்ஜ் ஆனவர். 1963-ல் தீர்ப்பு. பெரிய குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசாங்கம் வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மறுபடி விசாரணை நடந்தது. இந்தத் தடவை வக்கீல் உண்டு. கிடியன் விடுதலை.

இதைச் சொன்னால் கூட்டம் கை தட்டுமாம். யார்தான் தட்ட மாட்டார்கள்?

ஒரு நாள் கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெரியவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. தெற்கே எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர். மடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஃபைல். கடன் தகராறில் வீடு பறிபோன கேஸ். கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றாகிவிட்டது. ஒன்பது நாற்காலிகளையும் காட்டி, "இதில் எந்த ஜட்ஜ் என் ஃபைலைப் படிப்பார், அம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நீ சொன்னாயே, பென்சில் ஆசாமி... நான் டைப் அடித்தே கொண்டு வந்திருக்கிறேன்."

இருபது வயசுப் பெண் என்ன சொல்வாள்? சட்ட ஆலோசனை சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. மனுக்களைப் பார்க்கும் ஆபீஸ் எது, வக்கீல் இல்லாமல் மனு போடுகிறவர்களுக்கென்று கோர்ட்டே அச்சடித்திருக்கும் வழிகாட்டி எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தீர்ப்பு வந்து 90 நாளுக்குள் மனு போட வேண்டும் என்பது அதில் இருக்கும். பெரியவர் அதை வாங்கிக்கொள்ளாமல், "நீயே படித்துப் பார்க்கக் கூடாதா?" என்று ஃபைலை நீட்டினாராம். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம்.

"அப்படிக் கட்டிக்கத்தான் டிரெயினிங் மாமா. அதுதான் கஷ்டமா இருந்தது."

விஷயம் என்னவென்றால், ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவியும் அந்தக் கோர்ட்டில், வருஷத்துக்கு எழுபது எண்பது கேஸைத்தான் விசாரணைக்கு எடுப்பார்கள். கட்டணம் கட்ட வசதியில்லாமல் ஏழைகள் போடும் மனுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதிலும் ஜெயித்தவர் கிடியன். அவர் கதையை மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பது, லாட்டரியில் பரிசு விழுந்தவன் போட்டோவை மட்டும் கடையில் ஒட்டி வைப்பது மாதிரி. பெரியவர் போன மறுநாளிலிருந்து அவள் கிடியன் கதையை முடித்தவுடன், கை தட்டுகிற சந்தடியிலேயே இந்தக் கணக்கையும் சொல்ல ஆரம்பித்தாள். நான் உட்கார்ந்திருந்தபோதும் சொன்னாள். கை தட்டல் சட்டென்று அடங்கியது. எனக்கென்னவோ, அந்த அரைமணி நேரத்தில் அவள் சொல்லிக்கொடுத்த உருப்படியான பாடம் அதுதான் என்று பட்டது.

*

முன்வாசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 16 தூண்கள், அகலமான படிக்கட்டு, ஒவ்வொன்றும் ஆறரை டன் எடையுள்ள வெண்கலக் கதவுகள், மேலே 'சட்டத்தின் கீழ் சம நீதி' என்று கொட்டை எழுத்து. சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 2010 மே மாதம், பாதுகாப்புக் காரணம் சொல்லி, அந்த வழியாக ஜனங்கள் உள்ளே வருவதை நிறுத்திவிட்டார்கள். பக்கவாட்டில், படிக்கட்டுக்குக் கீழே நுழைந்து, சோதனை முடித்துத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போது மட்டும் முன்வாசல். 'இது சரியில்லை' என்று ப்ரையர் என்ற ஜட்ஜ் வருத்தப்பட்டு எழுதினார். கின்ஸ்பர்க் அம்மையாரும் அதில் சேர்ந்துகொண்டார். ஜட்ஜ்களே போட்ட ஆட்சேபணை மனு. பலன் இல்லை!

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் பொதுஜனங்களுக்குக் கதவே மூடியது. வழியில்லாமல், அந்த மே மாதம் முதல் வாதங்களை ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள். 1955-லிருந்து டேப்பில் பதிவு செய்தும், அதே நேரத்தில் ஊர் கேட்க விடாத கோர்ட் அது. 2022-ல் கருக்கலைப்புத் தீர்ப்பின் நகல் கசிந்ததும் சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் வேலி போட்டு, ஆகஸ்ட் கடைசியில்தான் எடுத்தார்கள். வாதங்களை நேரில் கேட்க ஜனங்களை மறுபடி விட்டது 2022 அக்டோபரில். விடிகாலையிலேயே க்யூவில் நிற்க முடியாதவர்களுக்காக 2025-ல் ஆன்லைன் குலுக்கலையும் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்தார்கள்.

நம்ம டெல்லி ஸுப்ரீம் கோர்ட்டிலும், நான் வாஷிங்டன் போய் வந்த அதே வருஷம், 2018 நவம்பரில், சனிக்கிழமைகளில் பொதுஜனங்களுக்குச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். கேஸ் இல்லாமல், பயம் இல்லாமல் கோர்ட் படி ஏறுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவாவது ஒரு தடவை போகலாம்.

அக்கா மகள் வக்கீல் ஆவாள் என்று எங்கள் குடும்பமே எதிர்பார்த்தது. இல்லை. மேரிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடிமையியல் டீச்சராக இருக்கிறாள். சமீபத்தில் முப்பது வாண்டுகளை அதே கோர்ட்டுக்கு அழைத்துப் போனாளாம். பேச வந்த கைடு சின்னப் பையன். அவனிடம் இவள் முதலில் கேட்டது...

"பாத்ரூம் எங்கே?"