சீஸ் உருகின கதை!

வில்லன் கிடையாது. சண்டை கிடையாது. மலை மேலே ஒரு தாத்தா, ஒரு பேத்தி, நாலு ஆடு. 'இதையெல்லாம் குழந்தைங்க பார்க்குமா சார்?' ஜப்பானிய டைரக்டர் இசாவோ தகாஹாதா இதைத்தான் எடுத்தார். அன்றாட வாழ்க்கையைப் பொறுமையாகக் காட்டினாலே போதும் என்பது அவர் கணக்கு.

1974-ல் வந்த 'ஹைடி' கார்ட்டூன் தொடருக்காக, 1973-லேயே சகாக்களோடு சுவிட்சர்லாந்து போய் மலையையும் குடிசையையும் பார்த்து வந்தார். கார்ட்டூனுக்கு லொகேஷனா என்று சிரிக்காதீர்கள். தாத்தா சீஸைத் தீயில் வாட்டி, உருக உருக ரொட்டியில் வைப்பாரே... பார்த்தாலே எச்சில் ஊறும்!

வாரம் ஒன்றாக 52 எபிசோடு. அத்தனையும் கையால் வரைந்தது. நம்ம ஆபீஸில் ஒரு ஃபைல் மேஜை மாறவே ஒரு வாரம்!

'குழந்தைங்களுக்குத்தானே, இது போதும்' என்று நினைத்திருந்தால், அந்த சீஸ் உருகியே இருக்காது.