விண்ணிலிருந்து கூப்பிடுவது யார்?

குழந்தைகளே, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் ரயில் பாதை அருகே நின்று, ரயில் கூவுவதைக் கேட்டிருக்கிறீர்களா? ரயில் நெருங்கி வரும்போது அந்தச் சத்தம் கூர்மையாகக் கேட்கும். நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணிந்துவிடும். ஓட்டுநர் ஹாரனை மாற்றவில்லை. வரும்போது ஒலி அலைகள் நெருக்கமாகவும், போகும்போது இடைவெளி விட்டும் நம் காதுக்கு வந்து சேருகின்றன. இதற்கு 'டாப்ளர் விளைவு' என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டாலும் ரயில் தாண்டிய நொடியைச் சொல்லிவிடலாம்!

செயற்கைக்கோளை அடையாளம் காண்பதும் இப்படித்தான்.

2016ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-34 ராக்கெட், 20 செயற்கைக்கோள்களை விண்ணில் விட்டது. அவற்றில் ஒன்று, சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த 'சத்யபாமாசாட்'. எடை ஒன்றரை கிலோதான்! காற்றில் உள்ள மீத்தேன் போன்ற வாயுக்களை அளப்பது அதற்குக் கொடுத்த வேலை. தண்ணீர் தேங்கி நிற்கும் நம் டெல்டா நெல் வயல்களிலிருந்தும் மீத்தேன் வெளிவருகிறது, தெரியுமா?

இப்படிக் கூட்டமாகப் போகும்போது ஒரு சிக்கல் உண்டு. முதல் சில நாட்களுக்கு அவை ஒன்றையொன்று ஒட்டியே பறக்கும். ரேடார் வெறும் புள்ளிகளைத்தான் காட்டும். எது யாருடையது என்று சொல்லாது. நம் புள்ளி எது என்று தெரியாவிட்டால், ஆண்டெனாவை எப்போது, எந்தப் பக்கம் திருப்புவது? அது அளந்த வாயு எந்த ஊருக்கு மேலே இருந்தது என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் கைகொடுக்கிறார்கள். மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்து, செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கேட்கிறார்கள். அதன் அதிர்வெண் நொடிக்கு நொடி எப்படி இறங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். மிக வேகமாக இறங்கும் நொடிதான், அது நமக்கு மிக அருகில் வந்த நொடி. எந்தப் புள்ளி அதே நொடியில் தலைக்கு மேல் கடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், ஆள் அகப்பட்டுவிடும்!

இதில் பள்ளி மாணவர்களும் சாதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் ஜெஃப்ரி பெரி என்ற இயற்பியல் ஆசிரியர் இருந்தார். அவரும் மாணவர்களும் பள்ளியிலேயே வானொலிக் கருவி வைத்து, சோவியத் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு வந்தார்கள். 1966இல் 'காஸ்மாஸ் 112' சென்ற பாதையைக் கணக்கிட்டபோது, அது வழக்கமான ஏவுதளத்திலிருந்து கிளம்பியதாகத் தெரியவில்லை. ரஷ்யாவின் வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற இடத்தில் ஒரு ரகசிய ஏவுதளம் இருப்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983இல்தான்!

நீங்களும் பழகலாம். தண்டவாளத்திலிருந்து தள்ளி, ஒரு பெரியவரோடு நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ரயில் உங்களைத் தாண்டும் நொடியில் "இப்போது!" என்று சொல்லுங்கள். சரியாகச் சொன்னீர்களா என்று பெரியவரிடம் கேளுங்கள். சொல்லிவிட்டால், செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்கும் முதல் பாடத்தில் நீங்கள் பாஸ்!