பிராஜக்ட் யாருக்கு? பிள்ளைக்கா, அம்மாவுக்கா?



"நாளைக்கு பிராஜக்ட் கொண்டு போகணும்" என்று பிள்ளை சாயங்காலம் வந்து சொல்லும். உடனே நாம் கடைக்குப் போய் சார்ட், படம், பசை வாங்கி, பிள்ளை தூங்கின பிறகும் இருந்து ஒட்டுகிறோம். மார்க்கு கிடைத்துவிடும். ஆனால் பிள்ளை அதில் ஒரு வரியாவது படித்ததா, எழுதியதா?

செயல்திட்டம் என்பது அழகான சார்ட் அல்ல. பிள்ளை ஒன்றைத் தேடி, கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டும் வேலை. வேலை செய்து படிப்பது புதுசும் அல்ல. கைத்தொழில் வழியாகப் பாடம் சொல்ல வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் சொன்னார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு அது மாநிலம் முழுவதும் வந்தது. 2012-13-ல் முப்பருவ முறையோடு, வளரறி மதிப்பீட்டில் செயல்திட்டத்துக்கும் மார்க்கு வந்தது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டு, கதை, செயல்பாடு வழியாகவே சின்ன வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? இரணியல் என்றாலே கைத்தறி. அதையே எடுத்துக்கொள்வோம்.

1. கேள்வி: தறி நெய்தவர்களிடம் கேட்க ஐந்து கேள்விகளைப் பிள்ளையே எழுதட்டும்.

2. சொல்: தறி, பாவு, ஊடை, நாடா என்று கேட்ட சொற்களை நோட்டில் எழுதட்டும். 'தறி' என்பதை 'தரி' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். இப்படிப் படித்த எழுத்து மறக்காது.

3. வரி: படம் வரைந்து, அதன் கீழே சொந்தமாக நான்கு வரி எழுதட்டும். பிழை இருந்தால் திட்ட வேண்டாம். எழுதி முடித்த பிறகு சேர்ந்து திருத்தலாம்.

4. வாசிப்பு: எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

பக்கத்தில் தறி இல்லையா? வாழைக்குலை இருக்கிறதே! மட்டி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோட்டான் என்று பட்டியல் போடலாம். நம்ம மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்க்கலாம். 'வாழை'யை 'வாளை' என்று எழுதினால் அது மீனாகிவிடும் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்தும்.

"எனக்கே எழுத்து தெரியாது, நான் என்ன சொல்லிக் கொடுக்க?" என்று கேட்கிறீர்களா? பாவு ஓட்டவும், கருப்பட்டி காய்ச்சவும், ஓலை முடையவும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பிறகு, "என்ன எழுதினே, வாசி மக்ளே" என்று கேளுங்கள். கேட்பதற்கு எழுத்து தேவையில்லை, காது போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தமிழில் 247 எழுத்து. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பழக்கம் தினமும் வேண்டும். செயல்திட்டம் அதற்குப் பதில் ஆகாது. படித்த எழுத்தைப் பயன்படுத்த இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. ஐந்தாம் வகுப்பு முடித்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அடுத்த வகுப்பில் எல்லாப் பாடமும் பாரமாகிவிடும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு உங்கள் பிள்ளை தானே எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டு வாருங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் கையெழுத்தாக இருக்கட்டும்.