கொட்டகை வகுப்பும் பூட்டிய கட்டிடமும்

தலைநகரில் நெடுநாள் வாழ்ந்த நம்மவர்களுக்கு 'டென்ட் ஸ்கூல்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காலனிகள் பெருகிய வேகத்தில் பள்ளிக் கட்டிடங்கள் எழும்பவில்லை. திடலில் கூடாரம் அடித்துப் பாடம் நடத்தினார்கள். பின்னர் பல இடங்களில் கூடாரம் போய், செங்கல் சுவரின் மேல் கல்நார்த் தகடு போட்ட அறைகள் வந்தன. கோப்புகளில் இவற்றுக்கு 'அரை நிரந்தரக் கட்டிடம்' என்று பெயர். தற்காலிகம் என்ற சொல்லுக்கே நம் நாட்டில் ஆயுள் கெட்டி. அரை நிரந்தரத்தைக் கேட்கவா வேண்டும்! ஏப்ரல் வெயிலில் தகடு தகிக்கும். ஜூலை மழையில் ஆசிரியரின் குரல் கேட்காது.

இப்படிப்பட்ட வளாகத்தின் ஒரு மூலையிலேயே, 'அபாயம்' என்ற பலகையுடன் பழைய கட்டிடம் பூட்டிக் கிடப்பதும் உண்டு. அதை இடிப்பதா, புதுப்பிப்பதா என்று கமிட்டிகள் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கும். பிள்ளைகள் கொட்டகையிலேயே வளர்ந்து பள்ளியை விட்டும் போய்விடுவார்கள்.

கொட்டகை வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. அதன்பின் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டமும் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டிடம், ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையாவது, இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று விதித்தது.

சரி, பூட்டிய கட்டிடம் தேறுமா? பார்வைக்கு அழுக்காக இருப்பதெல்லாம் பலவீனம் அல்ல. சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டெல்லியின் பழைய கட்டிடங்களில் இரும்பு கர்டர்களின் மேல் சிவப்புக் கற்பலகை பரப்பிய கூரையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கவனிக்க வேண்டியது கர்டரின் நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் புதைந்த அதன் நுனியை. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு ஈரம் இறங்கினால் துரு பிடிப்பது அங்கேதான். சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றை மேலே வெட்டினால் போதாது. வேர் உள்ளேயே பருத்துச் சுவரைப் பிளக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு போடுவது இன்னொரு தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும்.

கான்கிரீட் கட்டிடமானால் சோதனையே வேறு. சுத்தியல் போன்ற ஒரு கருவியால் மேற்பரப்பின் உறுதியை அளப்பார்கள். புதிதாக உடைத்த இடத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத இடத்தில் காரத்தன்மை குறைந்துவிட்டது, கம்பிக்குப் பாதுகாப்பில்லை என்று பொருள். நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால், மேலே புதிதாகப் பூசி வெள்ளையடிப்பது ஏமாற்று வேலை. அத்தகைய கட்டிடத்தை முழுதாக ஆராயாமல் திறக்கக் கூடாது. இடிக்கச் சொன்னால் இடித்துவிடுவதே மேல்.

டெல்லியில் நிலநடுக்கத்தையும் மறக்க முடியாது. செங்கல் சுவர்களைப் பலப்படுத்த ஐ.எஸ். 13935 என்ற தரநிலை இருக்கிறது. சுவர்கள் தனித்தனியே ஆடிப் பிரியாதபடி கம்பிவலையும் சிமென்ட் கலவையும் கொண்டு கச்சை கட்டுவார்கள். கூரைப் பலகைகள் நழுவாதபடி பிணைப்பார்கள். சாதாரண மராமத்து மதிப்பீட்டில் இந்தச் செலவு பெரும்பாலும் இடம்பெறாது. கமிட்டி கேட்டு வாங்க வேண்டும்.

பழைய அறைகள் இன்றைய தேவைக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. மத்திய கல்வி வாரியம் வகுப்பறைக்கு எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர், அதாவது சுமார் 500 சதுர அடி, எதிர்பார்க்கிறது. அறை சிறிதென்று இடைச்சுவரை இடிக்கக் கை நீளும். கூரையைத் தாங்குவதே அந்தச் சுவராக இருக்கலாம்! அதைவிடச் சிற்றறைகளை நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒதுக்குவது புத்திசாலித்தனம். இரண்டாவது மாடிப்படி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், கழிப்பறை ஆகியவற்றைப் பழைய சுவரைக் குடையாமல் பக்கத்தில் ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம்.

காலிக் கட்டிடத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. வேலை முடியும்வரை வகுப்புகளை எங்கும் மாற்ற வேண்டியதில்லை. கூரை வேலையை மழைக்காலம் கழிந்து, அக்டோபரில் தொடங்கினால் அடுத்த மழைக்குள் முடித்துவிடலாம். ஆனால் குத்தகைப் பத்திரத்தையும் அங்கீகரிக்கப்பட்ட பழைய வரைபடத்தையும் அதற்கு முன்பே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினீயர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.