சன்ரைசர்ஸ் கடைசிப் படியில் சறுக்கியது ஏன்?

2024-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட்டை நம் ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்கள் எளிதில் மறக்க முடியாது. ஆடியது நம் ஊர் சன்ரைசர்ஸ் அணி. உரிமையாளர்கள் சென்னையைச் சேர்ந்த சன் குழுமத்தினர். அந்த அணிக்கு யார்க்கர் வீசியவர் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். மே 26 அன்று இறுதி ஆட்டம் நடந்ததோ சேப்பாக்கத்தில். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே பக்கம் சேர்ந்தாற்போல் ஒரு வாய்ப்பு! அப்படியும் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிற்று. "எல்லாம் நேரம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நேரத்தைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

லீக் ஆட்டங்களில் இந்த அணி காட்டிய வேகம் சாமானியமானதல்ல. உப்பல் மைதானத்தில் மும்பைக்கு எதிராக 277 ரன். பெங்களூரில் 287, ஐ.பி.எல். வரலாற்றில் அதுவரை யாரும் எட்டாத எண். டெல்லியில் முதல் 6 ஓவரிலேயே விக்கெட் இழப்பின்றி 125. லக்னோ அணிக்கு எதிராக 166 ரன் இலக்கை 9.4 ஓவரில் முடித்தார்கள். டிராவிஸ் ஹெட், அபிஷேக் சர்மா இருவருமே இதற்கு மூலகாரணம்.

இங்கே ரயில்வேக்காரனாக ஒரு விஷயம் சொல்கிறேன். ஓர் எஞ்சின் எத்தனை டன் இழுக்கலாம் என்பதைச் சமதளத்தில் அது ஓடும் வேகத்தை வைத்து நிர்ணயிப்பதில்லை. பாதையில் உள்ள கடினமான ஏற்றத்தை வைத்தே நிர்ணயிக்கிறோம். மும்பையிலிருந்து ஹைதராபாத் வரும் வண்டி கர்ஜத்துக்கும் லோனாவளாவுக்கும் இடையே 37 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற வேண்டும். அங்கே பின்னாலிருந்து தள்ள 'பேங்கர்' எஞ்சின்களைச் சேர்ப்பது வழக்கம். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டியானாலும், மலையடிவாரத்தில் அந்தப் பெருமை செல்லாது.

சன்ரைசர்ஸுக்கு மலைப்பாதை எது? புதுப் பந்து வளைந்து, முதல் ஓவரிலேயே விக்கெட் விழும் நாள். மே 21 அன்று அகமதாபாத்தில் முதல் தகுதி ஆட்டம். கொல்கத்தாவின் ஸ்டார்க் வீசிய இரண்டாவது பந்திலேயே ஹெட் போல்டு. 5 ஓவரில் 39 ரன்னுக்கு 4 விக்கெட். திரிபாதியின் 55 ரன்னால் எப்படியோ 159 வரை ஏறினார்கள்; அது போதவில்லை. இறுதி ஆட்டத்திலும் அதே கதை. முதல் ஓவரில் அபிஷேக்கின் ஸ்டம்பை ஸ்டார்க் தட்டினார். அடுத்த ஓவரில் வைபவ் அரோராவின் பந்தில் ஹெட் பூஜ்யம். 21 ரன்னுக்கு 3 விக்கெட், முடிவில் 113. ஐ.பி.எல். இறுதி ஆட்டங்களில் அதுவரை இல்லாத குறைந்த எண்ணிக்கை. கொல்கத்தா 10.3 ஓவரில் முடித்துவிட்டது.

ஸ்டார்க்குக்கு 24.75 கோடி ரூபாய் கொடுத்ததை லீக் கட்டத்தில் பலர் கேலி செய்தார்கள். மலைக்கு வேண்டிய எஞ்சின் அது என்பது கடைசியில்தான் விளங்கியது.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஏப்ரல் 28 அன்று இதே சேப்பாக்கத்தில் சென்னை அணியிடம் 134 ரன்னுக்குள் சுருண்டிருந்தார்கள். இடையில் மே 24 அன்று ராஜஸ்தானை இங்கேயே வென்றது உண்மை. ஆனால் அன்று எடுத்தது 175. வெற்றி தேடித் தந்தது ஷாபாஸ் அகமது, அபிஷேக் இருவரின் சுழற்பந்து. அன்று பேங்கர் எஞ்சின் இருந்தது. 113 ரன்னை வைத்துக்கொண்டு எந்த பேங்கராலும் தள்ள முடியாது.

அப்படியானால் அதிரடியே தவறா? இல்லை. 2023-இல் கடைசி இடத்தில் கிடந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்தது அந்த அதிரடிதான். முதல் விக்கெட் விழுந்த பிறகும் அதே வேகத்தை நம்பியதே குறை. பத்து ஓவர் நிதானமாக நின்று 150 வரை இழுத்துச் செல்லும் இரண்டாவது வழி அவர்களிடம் தயாராக இல்லை. 2025-இல் முதல் ஆட்டத்திலேயே 286 அடித்தும் ஆறாவது இடத்தில் நின்றதற்கும் இந்தக் கணக்கில் பாதி விடை இருக்கிறது.

இனி நம் பிள்ளைகள் "287 அடித்த அணியாச்சே!" என்று பெருமை பேசினால், "முதல் ஓவரிலேயே விக்கெட் போன நாளில் எத்தனை அடித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கோப்பை யாருக்கு என்பதை அந்த எண் சொல்லிவிடும்.